அர்த்தநாரி பேரில் விழுந்த இரண்டு கோல்

டீம் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பந்தை எப்படி நிறுத்த வேண்டும், கார்னரில் யாரை எங்கே நிற்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்குக் கோச் இருக்கிறார். மேனேஜர் என்பவன் லிஸ்ட் எழுதுகிறவன், வண்டி பிடிக்கிறவன், எலுமிச்சம்பழம் நறுக்கி வைக்கிறவன், ஏதாவது தகராறு என்றால் முன்னால் போய் நின்று பேசுகிறவன். இதில் கடைசி வேலையை நான் ஒருமுறை சரியாகச் செய்யவில்லை. அதில் ஒருவன் பிழைப்புப் போயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் யாரும் கைதட்ட வேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மில்லுக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கம் மில்லுக்கு மில் ஃபுட்பால் டீம் இருக்கிறது, நம்ம மில்லில் சீட்டாட்டம்தான் இருக்கிறது என்று மனிதருக்கு ஒரே ஆற்றாமை. பஞ்சுக் குடோனுக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை நிரவச் சொன்னார். இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டார்கள். அதுதான் கிரவுண்ட். டீமுக்குச் செக்ரட்டரி, மேனேஜர், எல்லாம் நான்தான் என்று என் தலையில் கட்டிவிட்டார். எனக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முதல் பனியன் செட்டுக்குச் சாயம் போடும் பொறுப்பும் என்னுடையது. மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னான், கொடுத்துவிட்டேன். மேட்டூரில் முதல் மேட்ச். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பனியனில் இருந்த நீலமெல்லாம் இறங்கி ஆட்களின் மேல் ஏறிவிட்டது. ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். எங்கள் ஆட்கள் ஒரு வாரம் நீலக் கழுத்தோடு மெஷினில் நின்றார்கள். மில்லே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டுப் போகக்கூடிய தப்புகள் சில உண்டு. அந்தக் காலத்தில் எல்லாத் தப்பும் அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருடம் ஆத்தூரில் ஒரு டோர்னமெண்ட். லிஸ்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் உங்கள் மில்லில் வேலை பார்க்கிறவர்கள்தானே என்று நடத்துகிறவர்கள் கேட்டார்கள். எங்கள் ஹாஃப் பேக் ஒருவன் போன மாதம்தான் வேலையை விட்டுவிட்டு மச்சான் லாரியில் ஏறியிருந்தான். நான் உள்ளதைச் சொன்னேன். டீமையே நீக்கிவிட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு லோடு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்த பஸ்ஸில், பந்தைத் தொடாமலே திரும்பினோம். வழியெல்லாம் ஆட்கள் என்னோடு பேசவில்லை. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்.

"உன்னை யாரப்பா வாயைத் தொறக்கச் சொன்னது? கேட்டா ஆமான்னு தலையாட்டிட்டு வர வேண்டியதுதான?"

எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. உண்மையைச் சொன்னதற்கு யாரும் பூமாலை போட வேண்டாம், திட்டாமலாவது இருந்திருக்கலாம். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன், இனிமேல் லிஸ்ட் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று. தப்பான பாடத்தை இவ்வளவு அக்கறையாகப் படித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இப்போது உங்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். மில்லில் நிரந்தர ஆட்கள் உண்டு, பதிலி ஆட்கள் உண்டு. நிரந்தர ஆளுக்கு டோக்கன் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. அவன் லீவு போட்டால் அன்றைக்கு அவன் மெஷினில் நிற்பவன் பதிலி. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் பதிலிகள் கேட்டுக்கு வெளியே கூட்டமாக நிற்பார்கள். யார் யார் வரவில்லை என்று பார்த்து, இன்னார் இடத்துக்கு இன்னார் என்று நான் சத்தம் போட்டுக் கூப்பிடுவேன். கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு. கூப்பிடாவிட்டால் சும்மா திரும்பிப் போக வேண்டும். ஊரில் யாருக்காவது காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிற பிழைப்பு அது.

அந்தக் கூட்டத்தில் நல்லமுத்து என்று ஒருவன். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். பத்தாவது பாஸ். கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது, அதில் கடலை ஒரு வருடம் வந்தால் இரண்டு வருடம் வராது. மூன்று வருடமாகப் பதிலியாகவே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஒரு நிரந்தர வேலை. எந்த ஊரில் கிடைத்தாலும் போகத் தயாராக இருந்தான்.

இவன் பிராக்டீசுக்கு வருவான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தான். காலையில் வேலை இல்லை என்று நான் திருப்பி அனுப்பிய ஆள், எங்கேயோ புளியமரத்தடியில் பொழுதைத் தள்ளிவிட்டு, சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்து, "ஏனுங் சார், ஆரம்பிக்கலாமுங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பான். பூட்ஸ் கிடையாது. ஆனால் இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான் என்றால் நம்ம ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் கோல் போஸ்ட்டுக்குப் போய்விடுவான். எனக்கே அப்போதுதான் இந்த ஆட்டத்தில் இவ்வளவு அழகு இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் டீமில் சேர்க்க முடியாது. மில் டோர்னமெண்ட் என்றால் நிரந்தர ஆட்கள் மட்டும்தான்.

டீமில் இடது ஓரத்தில் ஆடுகிறவன் அர்த்தநாரி. நல்ல மனுசன், சுமாரான ஆட்டக்காரன். சேலத்தில் மில்களுக்கிடையே கோப்பைக்கான ஆட்டம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது அவனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சளாக, எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தான். லிஸ்டில் மேனேஜர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, அனுப்பியாயிற்று. இனி பெயரை மாற்ற முடியாது. மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

"எப்படியோ பண்ணு. என்கிட்ட ஒண்ணும் சொல்லாத."

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். டைம் ஆபீஸில் தினம் செய்வதைத்தான் செய்தேன். அர்த்தநாரி இடத்துக்கு நல்லமுத்து. அதை நான் பொய் என்றே நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. மற்ற ஊர்க்காரன் யாராவது செய்திருந்தால் திருட்டுத்தனம் என்று தெரிந்து செய்திருப்பான். எனக்கு அது அன்றாட வேலை. ஒரு இடம் காலி, ஒரு ஆள் கேட்டில் நிற்கிறான், அவ்வளவுதான். நல்லமுத்துதான் கொஞ்சம் தயங்கினான். மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று கேட்டான். அவன் வராத நாளில் நீ அவன் மெஷினில்தானே நிற்கிறாய், இதுவும் அதே மாதிரிதான் என்றேன். அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆடக் கிடைத்த சந்தோசத்தில் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

டீமுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன், கிரவுண்டில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் "டேய்" என்று கூப்பிடுங்கள் என்று. பாவம், அந்த ஒரு வாரமும் சேலத்தில் அவன் பேர் "டேய்"தான். அர்த்தநாரியின் பூட்ஸ் அவனுக்குப் பெரிதாக இருந்ததால் முன்னால் பஞ்சு திணித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எதிரே கோயமுத்தூர்ப் பக்கத்து டீம், தொடர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள். இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இரண்டாவது பாதியில் நல்லமுத்து இரண்டு கோல் போட்டான். முதல் கோல் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி, ஓரத்தில் ஓடிப்போய் உள்ளே வெட்டி அடித்தது. இரண்டாவது கோல் அடித்தபோது அவன் பந்தைப் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. கிரவுண்டே எழுந்து நின்றது. மைக்கில் ஒருவர், "கோல் போட்டவர் அர்த்தநாரி" என்று அறிவித்தார். கூட்டம் "அர்த்தநாரி, அர்த்தநாரி" என்று கத்த ஆரம்பித்தது. நல்லமுத்து ஒரு நிமிடம் சுற்றுமுற்றும் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி. பிறகுதான் கையைத் தூக்கினான். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

கோப்பை வாங்கியதும் போட்டோ எடுக்க வந்தார்கள். போட்டோ என்றால் முகம் தெரியும், நாளைக்கு எவனாவது பார்த்துப் புகார் கொடுப்பான். நான் நல்லமுத்துவின் தோளைத் தொட்டு, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நின்றுகொள் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, போய்விட்டான். அந்தப் போட்டோவில் ஆட்டக்காரர்கள் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்று இன்றுவரை ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லை. மறுநாள் பேப்பரில் சேலம் செய்திகளில் நான்கு வரி வந்தது. அர்த்தநாரி இரண்டு கோல் என்று போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் கோப்பை. எதிரே மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அதிகாரி. அங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் ஃபுட்பால் டீமுக்கு ஆள் பார்க்கிறவர். ஃபைனலைப் பார்த்திருக்கிறார்.

"உங்க லெஃப்ட் அவுட் அர்த்தநாரி, அவரை எனக்குக் கொடுத்துடுங்க. பெர்மனெண்ட் போஸ்ட், குவார்ட்டர்ஸ் உண்டு. படிப்பு எவ்வளவு?"

பத்தாவது என்று நான் சொல்லிவிட்டேன். நல்லமுத்துவை மனதில் வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது. நிஜ அர்த்தநாரி ஏழாவது. அப்படியானால் பிரச்சினையே இல்லை, சர்டிபிகேட்டோடு ஆளை அனுப்புங்கள், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டி.பி.யில், அதான் டிராவலர்ஸ் பங்களாவில், இருப்பேன், அப்புறம் ரயிலுக்குப் போய்விடுவேன் என்றார் அவர். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், நீ பண்ணினது, நீயே பார்த்துக்கொள் என்பது.

நல்லமுத்துவை வேறு பெயரில் அனுப்ப முடியாது, சர்டிபிகேட்டில் அவன் பெயர்தான் இருக்கும். அனுப்புவதென்றால் உண்மையைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். உண்மையைச் சொன்னால் கோப்பை போகும், மில்லுக்குத் தடை விழும், பொய் லிஸ்ட் கொடுத்தவன் என்று எனக்குச் சீட்டுக் கிழியும். மேனேஜர் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு நல்லமுத்து ரிங் பிரேமில் இருந்தான், அர்த்தநாரியின் மெஷினில். வெளியே கூப்பிட்டு, பஞ்சுக் குடோன் நிழலில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அளவுக்காவது நேர்மை இருந்தது. அவன் தலையில் பஞ்சுத் துகள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டபடியே சொன்னான்.

"ஆடுனது நாந்தானுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க சார். கப்பு போனாப் போவுது. அவரு கண்ணால பாத்தவருதானுங்க, பேரு மாறுனா என்னங்க, காலு மாறவா போவுது?"

அவ்வளவுதான் அவன் கேட்டது. நான் அவனுக்கு நிதானமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவசரப்படாதே, ஆறு மாதம் பொறு, மேனேஜரிடம் பேசி உன்னை நிரந்தரமாக்குகிறேன், அடுத்த வருடம் உன் பேரிலேயே ஆடு, இதே ஆள் உன்னைத் தேடிக்கொண்டு வருவார், டீமும் கெடாது, உனக்கும் கெடாது என்று அடுக்கினேன். பேசப் பேச எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரீங் சார். நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்," என்றான்.

அவன் ஒரு சண்டை போட்டிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், நான் ஒருவேளை மாறியிருப்பேன். இப்படி நம்பிவிட்டுத் திரும்ப மெஷினுக்குப் போய்விட்டான். நான் நாலு மணிக்கு முன்பே டி.பி.க்குப் போய், அர்த்தநாரிக்குத் தோட்டம் துரவு இருக்கிறது, வீட்டில் வெளியூர் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று மென்று முழுங்கிச் சொன்னேன். அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டார். "கொடுத்து வைக்கலை" என்றார். அவனுக்கா தனக்கா என்று சொல்லவில்லை. என்னை உட்கார வைத்து டீ வேறு கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

தம்பிகளே, அன்றைக்கு நான் பயந்தேன். பயப்படாதவன் மனுசனே இல்லை, அதற்காக நான் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு டீம் நன்மை என்று ஒரு நல்ல பேர் வைத்தேன் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி நாலு மணி வரைக்கும் கெடு வரும். அன்றைக்கு நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். டீமுக்காக என்று பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

காமாலை தெளிந்து அர்த்தநாரி வேலைக்கு வந்தான். ஆயுத பூஜையன்று மில்லில் கூட்டம் கூட்டி, ஃபைனலில் ஜெயிக்க வைத்த ஆட்டக்காரர் என்று அவன் கையில் ஒரு வாட்ச் கட்டிவிட்டார் மேனேஜர். அவன் கூனிக் குறுகிப்போய்விட்டான். கூட்டம் முடிந்ததும் நேரே நல்லமுத்துவிடம் போய் வாட்சைக் கழற்றி நீட்டியிருக்கிறான். "எனக்கெதுக்குங்க மணி பாக்க, மில்லுலதான் சங்கு ஊதறாங்களே," என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டானாம். அர்த்தநாரி அந்த வாட்சைக் கட்டி நான் பார்த்ததில்லை.

நல்லமுத்துவை நிரந்தரமாக்கச் சொல்லி மேனேஜரிடம் இரண்டு முறை பேசினேன். முதல் முறை பார்க்கலாம் என்றார். இரண்டாவது முறை போகும்போது கரண்டு வெட்டு வந்துவிட்டது. மூன்று ஷிஃப்ட் ஒன்றரை ஷிஃப்ட் ஆகிவிட்டது. இருக்கிறவனுக்கே வேலை இல்லை, நீ எதற்கப்பா வந்து கழுத்தை அறுக்கிறாய் என்றார். பதிலிகளைக் கூப்பிடுவதே அடியோடு நின்றுபோயிற்று.

ஆனாலும் அவர்கள் வந்து நின்றார்கள். தினமும் காலையில் நான் கேட்டுக்கு வந்து, இன்றைக்கு இல்லையப்பா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். நல்லமுத்து மட்டும் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, சரீங்க என்பது மாதிரி. பல வாரம் அப்படி நடந்தது. நான் அவன் நிற்கிற பக்கம் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன். ஒருநாள் பார்த்தால் அவன் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, போர்வெல் போட வடக்கே எங்கேயோ போய்விட்டான் என்று சொன்னார்கள்.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். அந்த மெட்ராஸ் அதிகாரிக்கு, எங்களிடம் நல்லமுத்து என்று இன்னொரு நல்ல லெஃப்ட் அவுட் இருக்கிறான் என்று கடிதம் எழுதினேன். இன்னொரு என்றுதான் எழுதினேன், அப்போதும் முழு உண்மை வரவில்லை. பதில் வந்தது, ஆளை நேரில் அனுப்புங்கள், ஆடிக் காட்டட்டும் என்று. அது வந்து சேரும்போது அவன் எந்த ஊரில் எந்தக் காட்டில் பாறையைக் குடைந்துகொண்டிருக்கிறான் என்று அவன் வீட்டிலேயே யாருக்கும் தெரியவில்லை.

டீம் அதற்கப்புறம் நாலைந்து வருடம் ஓடியது. கோப்பை எதுவும் வரவில்லை. மேனேஜர் மாறினார், எண்பதுகளில் மில்லும் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் கிரவுண்டில் இன்னொரு குடோன் கட்டினார்கள். பனியன்களை மெஷின் துடைக்க எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிளப் உருவானதையும் அழிந்ததையும் முழுசாகப் பார்த்த ஆள் நான். அழிந்ததற்குக்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செங்கோடு போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிக் வண்டிகள் பழுது பார்க்கிற பட்டறை. அங்கே கிரீஸ் கையோடு ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓடி வந்து, "டைமாபீஸ் சாருங்களா?" என்றான், ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். நல்லமுத்து. தலை நரைத்திருந்தது. நான் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று பதில் சொன்னான். அப்புறம்தான் புரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது. கிட்டத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும். இனி ரிக்கில் எடுக்க மாட்டோம் என்று, பட்டறையில் வைத்திருந்தார்கள்.

பிடிவாதமாக வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி பாவாயி வெளியே வந்தாள். தெருவில் கட்டிலைப் போட்டு என்னை உட்கார வைத்தான். மனைவியைப் பார்த்து, இவர்தான் நம்ம டைமாபீஸ் சார் என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். அப்புறம் என்னிடம் திரும்பினான்.

"இவகிட்டச் சொல்லுங் சார். சேலத்துல ரெண்டு கோலும் போட்டது நாந்தான்னு சொல்லுங்க. இத்தன வருசமா நம்பவே மாட்டீங்கறா. பேப்பர்ல அர்த்தநாரின்னு போட்டிருக்குது, போட்டோவுல உங்களக் காணோம், சும்மா அளக்காதீங்கறா."

நான் பாவாயியிடம் சொன்னேன். அவர் சொல்வது நிஜம், ஆடியது அவர்தான், பேர்தான் வேறு பேர் என்றேன். மெட்ராஸிலிருந்து வேலை கொடுக்க ஆள் வந்ததும் நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவரு அதச் சொன்னப்ப நான் பொய்யின்னு நெனச்சனுங்க," என்றாள் மெதுவாக. "வேலைக்குப் போவாத பந்து வெளையாடிப்போட்டு, கதை சொல்றாருன்னு நெனச்சன். வாயிக்கு வந்ததெல்லாம் பேசி, நாந்தானுங்க ரிக்கு வண்டிக்கு முடுக்கி உட்டது." பிறகு, "அன்னைக்கே நீங்க ஏனுங்க சொல்லுல?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நல்லமுத்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"என்னங் சார் சொல்றா?" என்றான்.

அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று கையைக் காதோரம் குவித்தான். இன்னொரு முறை சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. வேறு வழியில்லை. ஒரு மூடிய ரூமுக்குள் மெல்லச் சொல்லியிருக்க வேண்டியதை, நடுத்தெருவில் அத்தனை பேர் பார்க்க, தொண்டை கிழியக் கத்தினேன். அன்னைக்கு நீதான் ஆடினேன்னு நான் சொல்லலை, தப்பு என்னுது, உன் வேலையைக் கெடுத்தவன் நான்தான் என்று கத்தினேன். வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்றான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

நல்லமுத்துவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"அதெல்லாம் இருக்கட்டுங் சார். கோலு போட்டது நாந்தான்னு சொல்லிப்போட்டீங்கல்ல?" என்றான்.

சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன். அவன் பாவாயியைப் பார்த்துச் சிரித்தான்.